பிரெஞ்சு பி1 (இடைநிலை): சப்ஜோங்க்டிஃப் புரிய உதவுங்களேன்

வணக்கம். பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பாஸே கோம்போஸே, இம்பர்ஃபே என்ற இறந்தகால வடிவங்கள் இரண்டும் ஒருவழியாகப் பிடிபட்டுவிட்டன. ஐயம், விருப்பம் போன்றவற்றைச் சொல்ல வரும் சப்ஜோங்க்டிஃப் என்ற வினை வடிவம்தான் படுத்துகிறது. 'அவான் க' (ஒன்று நடப்பதற்கு முன்) என்றால் அது வரும். இன்னும் நடக்காத செயல், சரி. 'அப்ரே க' (நடந்த பின்) என்றால் வராது. நடந்து முடிந்தது, அதுவும் சரி. ஆனால் 'பியன் க'வுக்கு ('இருந்தாலும்' என்ற பொருள்) பின்னால் சொல்வதும் நடந்த உண்மைதானே, அங்கே மட்டும் ஏன் சப்ஜோங்க்டிஃப்? விதியை மனப்பாடம் செய்துவிட்டேன், காரணம் தெரிந்தால்தான் மனம் ஆறும்.

அப்புறம், பண்பாட்டுத் தாளுக்கு, பிரான்சில் அரசையும் மதத்தையும் பிரித்த 1905 சட்டம் பற்றி எழுதுகிறேன். அன்று ஜெர்மனி வசம் இருந்த, இப்போது பிரான்சில் உள்ள அல்சாஸ், மொசெல் பகுதிகளில் இன்றும் அந்தச் சட்டம் நடைமுறையில் இல்லை என்பது எனக்குப் பெரிய ஆச்சரியம். இதைப் பற்றி எளிய பிரெஞ்சில் ஏதாவது படித்திருந்தால் சொல்லுங்கள். அடுத்த வாரம் கட்டுரையைக் கொடுக்க வேண்டும்.