புதுப்பிப்பு: அம்மாவுக்கு மோட்டார் சத்தம் மங்குவது ஏன்?

காக்ளியர் இம்பிளாண்ட் (உள்காதில் பொருத்தி, மின்துடிப்பால் ஒலியைக் கேட்க வைக்கும் கருவி) வைத்திருக்கும் அம்மாவுக்கு, கடலூர் வீட்டில் தண்ணீர் மோட்டார் ஓட ஓட அதன் சத்தம் மங்கிவிடுகிறது, கருவி பழுதா என்று முன்பு கேட்டிருந்தேன். புதுச்சேரியில் ஆடியாலஜிஸ்ட்டிடம் (செவித்திறன் நிபுணர்) காட்டினோம். பழுதில்லை.

கருவி செவி நரம்புக்கு நொடிக்கு நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான மின்துடிப்புகளை அனுப்புகிறது. ஒரே எலெக்ட்ரோடில் (துடிப்பை நரம்புக்குக் கொடுக்கும் மின்முனை) ஒரே அளவில் துடிப்பு தொடர்ந்தால் நரம்பு பழகிப்போய், அதன் பதில் குறைகிறது. சிலருக்கு ஒலி முழுவதுமாக மறைந்துவிடும், சிலருக்கு மங்காமல் அப்படியே கேட்டுக்கொண்டிருக்கும். துடிப்பு வேகமாக இருந்தால் மங்கலும் பொதுவாக அதிகம். பேச்சு ஓயாமல் ஏறி இறங்குவதால் அவ்வளவாக மங்குவதில்லை. அம்மாவிடம் இதைச் சொன்னபோதுதான் அவருக்குப் பயம் போனது.

அப்புறம், சீரான இரைச்சலைக் குறைக்கும் வசதி பிராசஸரிலேயே (காதுக்கு வெளியே மாட்டும் பகுதி) இருக்கிறது. அதை அணைத்துப் பார்த்ததில் மோட்டார் கொஞ்சம் கூடுதல் நேரம் கேட்டது. பேச்சே மங்கினால் மட்டும் தாமதிக்காமல் மேப்பிங் (கருவியின் துடிப்பு அளவுகளை அவரவருக்கு ஏற்ப அமைப்பது) பார்க்கச் சொன்னார்கள்.