படிக்க மட்டும் அனுமதி பெற்ற ஏஐ ஏஜென்ட்டுக்கும் கட்டுப்பாடு தேவையா?

கேள்வி: சோழிங்கநல்லூர் வாசகர்
எங்கள் அலுவலகத்தில் ஏறக்குறைய 400 டிஎல்எஸ் சான்றிதழ்களை (சர்வரின் அடையாளத்தை உறுதிசெய்து இணைப்பைப் பாதுகாக்க உதவுபவை) மூன்று பேர் கவனித்துவருகிறோம். பொதுச் சான்றிதழ்களின் உச்ச ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாளாகவும், 2027 மார்ச்சில் 100 நாளாகவும், 2029 மார்ச்சில் 47 நாளாகவும் குறைக்கப்படுவதால், காலாவதியாகவிருப்பவற்றை முன்கூட்டியே எடுத்துச்சொல்லும் வேலையை, கருவிகளைத் தானே இயக்கிப் பணி செய்யும் ஓர் ஏஐ ஏஜென்ட்டிடம் ஒப்படைக்க எண்ணுகிறோம். எம்சிபி (ஏஐ-யுடன் வெளிக் கருவிகளை இணைக்கும் பொது நெறிமுறை) சர்வர் வழியாக, எதையும் மாற்றாத கருவிகளை மட்டுமே அதற்குத் தரவிருக்கிறோம். மாற்றும் உரிமையே இல்லாதபோது தனிக் கட்டுப்பாடு எதற்கு என்று மேலாளர் கேட்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

பதில் 1: கிண்டி நிர்வாகி
மேலாளரின் கேள்வி நியாயமானதே. ஆனால் படிப்பதும் எடுத்துச்செல்வதும் ஒன்றாகிவிடும் இடங்கள் இத்துறையில் உண்டு. மைக்ரோசாஃப்ட்டின் பெட்டகச் சேவையான அசூர் கீ வால்ட்டில் ஒரு சான்றிதழை உருவாக்கும்போது அதே பெயரில் ஒரு சீக்ரெட்டும் (ரகசியத் தரவைச் சேமிக்கும் பதிவு) உண்டாகிறது. சான்றிதழ் ஏற்றுமதிக்கு உரியதாக இருந்தால், அந்த சீக்ரெட்டைப் படிக்கும் உரிமையுள்ள எவரும் எதையும் மாற்றாமலேயே பிரைவேட் கீயை, அதாவது சான்றிதழுக்குரிய ரகசியச் சாவியை, பெற்றுவிடலாம். கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்னெட்டிஸில், சான்றிதழ்களைப் பெற்றுப் புதுப்பிக்கும் செர்ட்-மேனேஜரும் பிரைவேட் கீயை சீக்ரெட்டில்தான் வைக்கிறது. அங்கே ‘லிஸ்ட்’ அனுமதி பெயர்களை மட்டுமே காட்டும் என்று அனுபவசாலிகள்கூட நம்புகிறார்கள். உண்மையில் உள்ளடக்கமும் சேர்ந்தே வரும். ஆகவே சான்றிதழ் விவரங்களை மட்டும் படிக்கவல்ல, சீக்ரெட்டுகளைத் தொடவே முடியாத தனி சர்வீஸ் அக்கவுன்ட்டை (மனிதருக்கன்றி மென்பொருளுக்கான கணக்கு) ஏஜென்ட்டுக்கு உருவாக்குங்கள். அவசரத்துக்கு என்று நிர்வாகியின் நுழைவு டோக்கனை இரவல் தராதீர்கள்.

பதில் 2: அம்பத்தூர் வாசகர்
கருவியின் மேல் ஒட்டியிருக்கும் ‘ரீட் ஒன்லி’ குறிப்பை நம்பிவிட வேண்டாம். எம்சிபி விவரக்குறிப்பின்படியே அது வெறும் குறிப்புதான்; எதையும் தடுத்து நிறுத்தாது. அனுமதிக்கும் கருவிகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டு, மற்றவை அனைத்தையும் மறுப்பதே முறை. இல்லையேல் சர்வரின் அடுத்த பதிப்பில் சேரும் புதிய கருவி யாரும் கவனிக்காமல் உள்ளே வந்துவிடும்.

இன்னொன்று: வலையமைப்பை ஸ்கேன் செய்யும்போது யாரோ தாமே கையொப்பமிட்ட சான்றிதழ்களும் சிக்கும். அவற்றில் நிறுவனப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எந்த வாக்கியத்தையும் எழுதிவைக்கலாம். அதை ஏஜென்ட் தரவாகக் கொள்ளாமல் கட்டளையாக எடுத்துக்கொண்டால், அதன் கையில் வேறு என்னென்ன கருவிகள் உள்ளன என்பதைப் பொறுத்தே சேதம் அமையும். குறிப்பாக, மின்னஞ்சல் அனுப்பும் கருவியை அதே ஏஜென்ட்டிடம் தராதீர்கள்.

கேள்வி கேட்டவர்
மிக்க நன்றி. சர்வர் பெயர்ப் பட்டியல் மட்டும் வெளியே போனால் பாதகமில்லைதானே?

கிண்டி நிர்வாகி
பொதுச் சான்றிதழ்களின் பெயர்கள் சர்டிஃபிகேட் டிரான்ஸ்பரன்சி பதிவேடுகளில் (வழங்கப்பட்ட சான்றிதழ்களின் பொதுப் பதிவேடுகள்) ஏற்கெனவே யாவரும் பார்க்கும்படி உள்ளன. அவற்றுக்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. உங்கள் உள் சிஏ (நிறுவனமே நடத்தும் சான்றிதழ் வழங்கும் அமைப்பு) வழங்கியவை அப்படியல்ல. அந்தப் பெயர்களை வைத்தே எந்த டேட்டாபேஸ் எங்கே இருக்கிறது என்று ஊகித்துவிடலாம் என்பதால், முதல் மாதம் பொதுச் சான்றிதழ்களை மட்டும் ஏஜென்ட்டுக்குக் காட்டுங்கள். ஏஜென்ட் கருவிகளை அழைத்த பதிவுகளை வாரந்தோறும் நீங்களே படித்துப் பார்த்த பிறகு மற்றவற்றைத் திறக்கலாம்.