நிலாவின் செமினாருக்காக: ராபர்ட் ஜெர்விஸ் பற்றிக் குடும்பக் குழுவில்

நிலா: வியாழக்கிழமை எனக்கு செமினார். தலைப்பு ராபர்ட் ஜெர்விஸ், உளவுத்துறை ஏன் கோட்டை விடுதுன்னு ஆராய்ஞ்ச அமெரிக்கர். முதல் ஸ்லைடுல "சிஐஏ அதிகாரியா இருந்து பேராசிரியர் ஆனவர்"னு போட்டிருக்கேன். பெரியப்பா, சரிதானே?

பெரியப்பா: தப்பும்மா, அந்த வரியை எடுத்துடு. அவர் கடைசிவரை சர்வதேச அரசியல் பேராசிரியர்தான். 1940-ல நியூயார்க்ல பிறந்தார். ஓபர்லின் கல்லூரி, அப்புறம் பெர்க்லியில 1968-ல டாக்டர் பட்டம். ஹார்வர்ட், யுசிஎல்ஏ, 1980-லேர்ந்து கொலம்பியா பல்கலையில வேலை. 2021 டிசம்பர்ல காலமானார். சிஐஏவுக்குள்ள ஆலோசகராப் போய் வந்தார், அவ்வளவுதான்.

பெரியப்பா: வரிசையையும் கவனி. 1970-ல ஒரு நூல், 1976-ல ஒரு நூல். முதல் நூல், நாடுகள் தங்களைப் பத்தின பிம்பத்தை எதிராளி மனசுல எப்படி உண்டாக்குதுன்னு. ரெண்டாவது, ஆட்சியில இருக்கறவங்க எதிராளியை எப்படித் தப்பாப் புரிஞ்சுக்கறாங்கன்னு மனோதத்துவ ஆராய்ச்சியை வெச்சு எழுதினது. உளவுக் கோப்புகளை அதுக்கப்புறம்தான் தொட்டார். அவர்கிட்ட கேள்வி முதல்ல இருந்தது, ரகசியம் பின்னாடிதான் வந்தது. ஸ்லைடோட முதுகெலும்பே இதுவா இருக்கட்டும்.

நிலா: ஈரான் அறிக்கைதான் முக்கியம்னு மேடம் சொன்னாங்க.

கார்த்தி அண்ணா: ஆமா. 1978 ஆகஸ்ட்ல சிஐஏ மதிப்பீடு, ஈரான்ல புரட்சி நிலைமையும் இல்லை, புரட்சிக்கு முந்தின நிலைமைகூட இல்லைன்னு சொல்லுச்சு. 1979 ஜனவரி 16-ல ஈரான் மன்னர் ஷா நாட்டை விட்டுப் போயிட்டார். பிப்ரவரி 1-ல, அவரை எதிர்த்த மதத் தலைவர் கொமெய்னி திரும்பி வந்தார். எங்கே கோட்டை விட்டோம்னு உள்ளேயே பார்க்கச் சொல்லி ஜெர்விஸ்கிட்ட கொடுத்தாங்க. அறிக்கைத் தேதி 1979 ஜூன் 15.

நிலா: யாரோ தகவலை மறைச்சுட்டாங்களா?

கார்த்தி அண்ணா: இல்லை, அதுதான் இதுல பெரிய பாடம். ஈரான் அரசியலைப் பார்க்க சிஐஏ தலைமையகத்துல ரெண்டே ரெண்டு ஆய்வாளர். பொருளாதாரத்துக்கு ரெண்டு பேர். ஷா கோவிச்சுப்பார்னு அமெரிக்கத் தூதரகம் எதிர்க்கட்சி ஆளுங்ககிட்ட அதிகம் பழகலை. கொமெய்னி பேச்சு கேசட்டு கேசட்டா கடைவீதியில ஓடிட்டிருந்தது. அதை வாங்கிக் கேட்டுப் பார்க்கணும்னு யாரும் மெனக்கெடலை. ஷாவுக்குப் புற்றுநோய்னு பிரெஞ்சு மருத்துவர்களுக்கு 1974-லேயே தெரியும், அமெரிக்காவுக்குத் தெரியாது.

பெரியப்பா: இதெல்லாம் இருந்தாலும் ஜெர்விஸ் விரல் வெச்ச இடம் வேற. நிலைமை நிஜமாவே முத்தினா ஷா படையை இறக்கி அடக்கிடுவார்னு ஆய்வாளர்கள் நம்பினாங்க. அவர் முழு பலத்தோட அடக்கலை. சரி, அப்ப நிலைமை முத்தலைன்னு எடுத்துக்கிட்டாங்க.

நிலா: புரியலை பெரியப்பா.

பெரியப்பா: "காய்ச்சல் ஜாஸ்தியா இருந்தா தாத்தா தானே டாக்டர்கிட்ட போயிருப்பார். போகலை. அதனால காய்ச்சல் இல்லை." தெர்மாமீட்டரே வைக்காம இப்படிச் சொல்ற மாதிரி. இந்த நம்பிக்கை தப்புன்னு காட்டற சான்று, எல்லாம் கைமீறிப் போன பிறகுதான் வரும். ஒவ்வொரு மாசமும் ஷா முழு பலத்தோட இறங்காம இருக்க இருக்க நம்பிக்கை இன்னும் கெட்டிப்பட்டது. "நான் நினைக்கறது தப்புன்னா இந்நேரம் என்ன தெரிஞ்சிருக்கணும்?" இதை முன்கூட்டியே எழுதி வெச்சுக்கோங்கங்கறதுதான் ஜெர்விஸ் வலியுறுத்தினது.

சுதா அத்தை: அண்ணா சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கோ நிலா. அந்த அறிக்கை அப்ப ரகசியம். ரகசியம் நீக்கி, அவரோட 2010 நூல்ல அத்தியாயமா வந்தது. 1979-ல எழுதினது ஊர் படிக்க 31 வருஷம். இந்தத் துறைக்கு வர்றவங்க இந்தக் காத்திருப்பையும் கணக்குல வெச்சுக்கணும்.

நிலா: அதே நூல்ல இராக்கும் இருக்குல்ல?

கார்த்தி அண்ணா: இருக்கு. இராக்கிட்ட பேரழிவு ஆயுதம் இருக்குன்னு சொன்ன 2002 அக்டோபர் அமெரிக்கத் தேசிய உளவு மதிப்பீடு. இராக் வாங்கின அலுமினியக் குழாய் விவகாரத்தை எடுத்துக்கோ, நல்லா விளங்கும். 81 மில்லிமீட்டர் விட்டம், உறுதியான அலுமினியக் கலவை. அணுகுண்டுக்காக யுரேனியம் செறிவூட்டற சென்ட்ரிஃப்யூஜுங்கற சுழல் இயந்திரத்துக்குன்னு சிஐஏ சொல்லுச்சு. எரிசக்தித் துறைக்காரங்கதான் சென்ட்ரிஃப்யூஜ் தெரிஞ்சவங்க, அவங்க ஒத்துக்கலை. வெளியுறவுத் துறையோட உளவுப் பிரிவும் ஒத்துக்கலை. கடைசியில அது நாசர்-81 ராக்கெட்டுக்குன்னு தெரிஞ்சது. இத்தாலிய மெடூசா ராக்கெட்டைப் பார்த்துச் செஞ்சது.

சுதா அத்தை: இராக் வண்டிகள்ல உயிரி ஆயுதம் செய்யுதுங்கற விஷயத்துல "கர்வ்பால்"னு குறிப்பெயர் வெச்ச ஆளை ஜெர்மன் உளவுத்துறை வெச்சிருந்தது, அமெரிக்கர்களை நேரா விசாரிக்க விடலை. அவன் சொன்னதுக்கு ஒத்துப்போறதா எடுத்துக்கிட்ட இன்னொரு ஆளைப் புளுகன்னு 2002 மே மாசமே அமெரிக்க ராணுவ உளவுத்துறை குறிச்சு அனுப்பியாச்சு. அந்தக் குறிப்பை யாரும் கவனிக்காம, அவன் பேச்சும் மதிப்பீட்டுல ஏறிடுச்சு. ஒருத்தரை ஒருத்தர் அறியாத மூணு ஒற்றர் சொல்றது ஒத்துவந்தா நம்புன்னு ஒற்றாடல் அதிகாரம் சொல்லுதே, அந்தச் சோதனையை இங்கே உருப்படியாச் செய்யலை.

நிலா: அப்ப வெள்ளை மாளிகை அழுத்தம்தான் காரணம்னு முடிக்கலாமா?

பெரியப்பா: ஜெர்விஸ் அப்படி முடிக்கலை. முறைகள் எல்லாம் சரியா இருந்திருந்தாலும் "இராக்கிட்ட ஆயுதம் அனேகமா இருக்கு"ன்னுதான் வந்திருக்கும், உறுதி மட்டும் குறைஞ்சிருக்கும்னார். சதாம் முன்னாடி ஆயுதம் வெச்சிருந்தவர், ஐ.நா. சோதனைக்காரங்களை ஏமாத்தினவர். அந்த ஊகம் அன்னிக்கு நியாயமாத்தான் பட்டது. கசப்பா இருந்தாலும் இதை விட்டுடாதே. முடிவு தப்பா போனா முறையும் தப்பாத்தான் இருந்திருக்கணும்னு நினைக்கறது சோம்பேறித்தனம்.

கார்த்தி அண்ணா: "அனேகமா"ன்னு வந்துடுச்சே, ஷெர்மன் கென்ட்டையும் ஒரு ஸ்லைடுல சேரு. யேல் வரலாற்றாசிரியர், சிஐஏ மதிப்பீட்டு அலுவலகத்துல இருந்தவர். 1951-ல யூகோஸ்லாவியா மேல படையெடுப்பு வர "கணிசமான வாய்ப்பு" இருக்குன்னு மதிப்பீடு எழுதினாங்க. அவர் மனசுல நூத்துக்கு 65. கூட எழுதினவங்களைக் கேட்டா ஒருத்தர் 20-ங்கறார், இன்னொருத்தர் 80-ங்கறார். அதனால சொல்லுக்கு எண் கட்டினார். "ஏறக்குறைய நிச்சயம்"னா 93, ஆறு கூடக் குறைய. "அனேகமா"ன்னா 75, பன்னிரண்டு கூடக் குறைய. சரிபாதின்னா 50, பத்து கூடக் குறைய.

அம்மா: இதுக்கெல்லாம் இங்கே வேலை இருக்கா கார்த்தி?

கார்த்தி அண்ணா: இருக்கு சித்தி, ஆனா கொஞ்சம்தான். சென்னைப் பல்கலையில பாதுகாப்பு, உத்தி ஆய்வுத் துறை இருக்கு. தில்லியில ஐடிஎஸ்ஏங்கற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம். காந்திநகர்ல ராஷ்ட்ரிய ரக்ஷா பல்கலை. கஷ்டம் ஆவணத்துலதான். தகவல் உரிமைச் சட்டம் 24-வது பிரிவுல உளவு அமைப்புகளுக்கு விலக்கு. ஊழல், மனித உரிமை மீறல் ரெண்டும்தான் விதிவிலக்கு. அதனால இங்கே ஆராய்ச்சி பண்றவங்க கார்கில் ஆய்வுக்குழு அறிக்கை மாதிரி வெளிவந்ததைத்தான் அலசறாங்க. அதுலயும் பல இடத்துல வெட்டு. அதுக்குத் தலைமை வகிச்ச கே. சுப்ரமணியம் நம்ம திருச்சியில பிறந்தவர்.

சுதா அத்தை: அமெரிக்க ஆவணத்தை இங்கேயிருந்தே பார்க்கலாம் நிலா. சிஐஏ ஆன்லைன் வாசிப்பறையில 2017 ஜனவரியில கோடிப் பக்கத்துக்கு மேல ஏத்தினாங்க. அதுக்கு முன்னாடி மேரிலாந்து காலேஜ் பார்க்ல இருக்கற தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போய் அங்கே இருக்கற கணினியிலதான் பார்க்கணும். தேடறப்போ ரெண்டு விஷயம். பழைய தட்டச்சை மெஷின் சரியாப் படிக்காது, அதனால பேர் கிடைக்கலைன்னா தேதியை வெச்சுத் தேடு. கொமெய்னி பேரை ஆங்கிலத்துல எழுதறப்போ சிஐஏ கடைசியிலேர்ந்து மூணாவது எழுத்துல ஐ-க்குப் பதில் ஒய் போட்டு எழுதும். வழக்கமான எழுத்துல தேடினா பாதி தப்பிப்போகும்.

நிலா: கறுப்பு அடிச்ச பக்கத்தை என்ன பண்றது அத்தை?

சுதா அத்தை: ஓரத்துல பி-1, பி-3ன்னு குறி இருக்கும். பி-1 தேசப் பாதுகாப்பு, பி-3 வேற சட்டம் தடுக்கறது. அமெரிக்கத் தகவல் சுதந்திரச் சட்டப்படி மறுபடி கேட்கலாம், மேல்முறையீடும் உண்டு. 20 வேலை நாள்ல பதில்னு சட்டம் சொல்லும், நிஜத்துல வருஷக்கணக்காகும். தலைப்பு, தேதி, அலுவலகம் மூணையும் குறிப்பிட்டுக் கேட்டாத்தான் நகரும். "ஈரான் பற்றி எல்லாம்"னு கேட்டா நகராது. வெளியிட்ட தொகுப்பையும் கண்ணை மூடிட்டு நம்பாதே. அமெரிக்க வெளியுறவுத் துறை 1989-ல போட்ட ஈரான் 1951-54 ஆவணத் தொகுதியில, ஈரான் பிரதமர் மொசாதெக்கைக் கவிழ்த்ததுல சிஐஏ பங்கே இல்லை. அந்தத் தொகுதிகளோட ஆலோசனைக் குழுத் தலைவர் வாரன் கோஹன் இதை எதிர்த்து 1990-ல விலகினார், முழுசா வெளியிடணும்னு 1991-ல சட்டம் வந்தது, திருத்தின தொகுதி 2017-ல வந்தது.

பெரியப்பா: பணத்தைப் பத்தியும் ஒரு வரி போடு. 1985-ல ஹார்வர்ட்ல நடாவ் சஃப்ரான் சிஐஏகிட்ட 45,700 டாலர் வாங்கி மாநாடு ஏற்பாடு பண்ணினார், வரவேண்டியவங்ககிட்ட சொல்லலை. தெரிஞ்சதும் பலர் பின்வாங்கினாங்க, அவரோட மத்திய கிழக்கு ஆய்வு மைய இயக்குநர் பதவியும் போச்சு. உளவுத்துறையோட தொடர்பு வெச்சுக்கறது தப்பில்லை, மறைக்கறதுதான் தப்பு. ரகசிய ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டவங்க எழுதினதை அச்சுக்கு முன்னாடி உளவுத்துறைகிட்ட காட்டவும் வேணும். ஆராய்ச்சியாளருக்கு அது நிரந்தரக் கட்டு. கையெழுத்துக்கு முன்னாடியே யோசிக்கணும்.

நிலா: முதல் ஸ்லைடை மாத்திட்டேன். "தப்புன்னா என்ன தெரிஞ்சிருக்கணும்னு கேட்டவர்." மூணாவது ஸ்லைடு: "ஷா வெளியேறின வரைக்குமான ஆய்வு, 1979."

கார்த்தி அண்ணா: மூணாவது தப்பு. அறிக்கை 1977 நடுவுலேர்ந்து 1978 நவம்பர் 7 வரைதான் பார்க்குது. ஷா போனது அதுக்கு ரெண்டு மாசம் கழிச்சு. தேதியை மாத்திட்டு அனுப்பு, ராத்திரிக்குள்ள பார்த்துடறேன்.