அப்பாவோட கறுப்புக் காடி: 10 வருஷப் பெயிண்ட் திரும்ப மின்னுமா?

ஈசூன்_மகள் எழுதியது:

வணக்கம். அப்பாவோட காடி 2015ல எடுத்தது, கறுப்பு செடான். சிஓஇ (காடி வச்சிருக்கிறதுக்கான உரிமைச் சான்றிதழ்) முடிஞ்சதும் இன்னொரு 10 வருஷத்துக்குப் புதுப்பிச்சிட்டோம், அதனால வேற வாங்குற பேச்சே இல்ல.

எங்க புளோக் கீழ திறந்தவெளிக் கார்பேட்டை, மேல தூங்குமூஞ்சி மரம். காலையில பார்த்தா பானெட் முழுக்கப் பிசுபிசுன்னு புள்ளி, மைனா எச்சம் வேற. பானெட்டும் கூரையும் சாம்பல் பூத்தாப்ல வெளுத்துப் போச்சு. ராத்திரி விளக்குக் கம்பத்துக்கு அடியில நிறுத்தினா சிலந்தி வலை மாதிரி வட்டவட்டமாக் கீறல் தெரியுது. ரிம் நாலும் காப்பிக் கலர் ஆயிடுச்சு.

அப்பாவுக்கு 71 வயசு. ஞாயிறு தவறாம ஒரு வாளித் தண்ணி, ஒரு பழைய துண்டு, பாத்திரம் கழுவுற சோப்பு, அவரேதான் கழுவுவார். ஒரு கடையில கேட்டேன். காடியைச் சுத்திக்கூடப் பார்க்காம 1,100 வெள்ளி, மூணு மணி நேரத்துல புதுசாக்கிடுவோம்னாங்க. மனசு ஒப்பல. நானே செய்ய முடியுமா? எங்கேருந்து ஆரம்பிக்கிறது?

பொங்கோல்காரன் எழுதியது:

செராமிக் கோட்டிங் போட்டுடுங்க அக்கா, பெயிண்ட் மேல பூசுற கெட்டியான பாதுகாப்புப் பூச்சு அது. நான் காடி புதுசா எடுத்தப்பவே போட்டேன். மழை பெஞ்சா தண்ணி முத்து முத்தா உருண்டு ஓடிடுது.

பெயிண்டுக்கடை_அண்ணன் எழுதியது:

தம்பி சொல்றது புதுக் காடிக்குச் சரி. பழைய பெயிண்ட் மேல செராமிக் போட்டா உள்ள இருக்கிற கீறலும் கறையும் அப்படியே அடைபட்டுப் போகும். அப்புறம் அதைத் தேய்ச்சு எடுத்தாத்தான் அடியில கை வைக்க முடியும். அது கடைசி வேலை.

தங்கச்சி, நான் சின் மிங்ல ஆரம்பிச்சு காக்கி புக்கிட்ல முடிச்சவன், 26 வருஷம் ஸ்ப்ரே வேலை. சேர்ந்த முதல் வாரமே கையில பாலிஷ் மெஷினைக் குடுத்தாங்க. நாலாம் நாள் ஒரு வாடிக்கையாளரோட கதவு விளிம்புல தேய்ச்சுத் தேய்ச்சு அடி பிரைமர் வெளிய வந்திடுச்சு. அந்தக் கதவை முழுசா மறுபடி ஸ்ப்ரே பண்ண வேண்டியதாப் போச்சு. இன்னும் அந்தக் கதவு என் கண்ணுல நிக்குது, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

உங்க காடியில கறுப்புக்கு மேல நிறமில்லாத ஒரு படலம் இருக்கு, கிளியர் கோட்டுன்னு சொல்லுவோம். மினுக்கம் எல்லாம் அதுலதான். வெயிலைத் தாங்கறதும் அதுதான். கனம் சுமாரா 40, 50 மைக்ரான், தலைமுடியைவிட மெல்லிசு. கம்பவுண்டு, அதாவது பாலிஷைவிடக் கடுமையாத் தேய்க்கிற பசை, அதைப் போட்டுத் தேய்க்கிறோம்னா கீறலை அடைக்கிறோம்னு அர்த்தம் இல்ல. கீறலோட ஆழத்துக்குச் சுத்தி இருக்கிற படலத்தைச் சீவுறோம். சீவினது திரும்ப வராது. உங்க காடி இன்னும் 10 வருஷம் இந்த வெயில்ல நிக்கணும், அதுக்கும் கொஞ்சம் மிச்சம் வைக்கணும். மூணு மணி நேரத்துல புதுசாக்கிடுவோம்னு பார்க்காமலே சொல்றவங்க கையில மெஷினைக் குடுக்காதீங்க.

அந்த வட்டக் கீறல் நிஜத்துல வட்டம் இல்ல. எல்லாப் பக்கமும் போற நேர்க்கீறல்தான், விளக்கு வெளிச்சம் படுற கோணத்துல வட்டமாத் தெரியுது. துண்டுல ஒட்டின மணல் இழுத்தது. அப்பாகிட்ட இதைக் குறையாச் சொல்லாதீங்க. வாராவாரம் அவர் எச்சத்தைக் கழுவாம விட்டிருந்தா பெயிண்ட் இதைவிட மோசமா அரிச்சிருக்கும். துண்டுக்குப் பதிலா மைக்ரோஃபைபர் கையுறை ஒண்ணும், இன்னொரு வாளியும் வாங்கிக் குடுங்க. ஒரு வாளியில கார் ஷாம்பு, மத்ததுல வெறும் தண்ணி, கையுறையை அலசுறதுக்கு. மேலேருந்து கீழ கழுவணும், ரிம்முக்கு வேற துணி. பாத்திரச் சோப்பு போட்டா வேக்ஸ் கரைஞ்சு போயிடும், அதை நிறுத்தச் சொல்லுங்க.

கழுவிக் காய்ஞ்சதும் கையில ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக்கிட்டு பானெட்டை மெதுவாத் தடவிப் பாருங்க. வெறுங்கைக்குத் தெரியாத சொரசொரப்பு பை வழியாத் தெரியும். மரத்துப் பிசினும் இரும்புத் தூளும் ஒட்டியிருக்கு. கிளே வாங்கி (ஒட்டின அழுக்கை எடுக்கிற, களிமண் மாதிரி மெத்துன்னு இருக்கிற கட்டி), அதுக்கான வழுக்குத் திரவத்தைத் தாராளமா அடிச்சு, அழுத்தாம முன்னும் பின்னும் ஓட்டுங்க. கிளே அழுக்கானா மடிச்சுப் புது முகம் எடுங்க. கீழ விழுந்துட்டா எடுத்துத் துடைச்சுப் போடாதீங்க, தூக்கி எறிஞ்சிடுங்க. ஒரே ஒரு மணல் போதும்.

அப்புறம்தான் பாலிஷ். முதல்ல பானெட்ல 2 அடிச் சதுரம் மட்டும் டேப் ஒட்டிப் பிரிச்சுக்கோங்க. அதிர்ந்துகிட்டே சுத்துற வகை மெஷின், மெத்துன்னு இருக்கிற ஃபோம் பேட், இருக்கிறதுலேயே மென்மையான பாலிஷ். அதுல பளிச்சுன்னு வந்தா கம்பவுண்டு பக்கமே போகாதீங்க. வரலைன்னா மட்டும் ஒரு படி ஏறுங்க. விளிம்பு, மடிப்பு எல்லாத்துக்கும் டேப் ஒட்டுங்க, அங்க படலம் இன்னும் மெல்லிசு. பம்பர்ல மெஷினை ஒரே இடத்துல நிறுத்தாதீங்க. பிளாஸ்டிக்ல சூடு பரவாது, அங்கேயே தங்கி பெயிண்டைக் கருக்கிடும். முடிச்சதும் பெயிண்டைப் பாதுகாக்க மேல பூசுற சீலண்ட் ஒண்ணு போதும். கர்னாபா வேக்ஸ் கறுப்புக்கு ஆழமான மினுக்கம் குடுக்கும், எனக்கும் பிடிக்கும். ஆனா திறந்தவெளியில நம்ம ஊர் வெயிலுக்கு அது சீக்கிரம் போயிடும்.

ஈசூன்_மகள் எழுதியது:

ரொம்ப நன்றி அண்ணே, அப்பாகிட்ட வாசிச்சுக் காட்டினேன். ரிம்முக்கு என்ன பண்றது? கடையில ஆசிட் கிளீனர்னு ஒண்ணு இருந்துச்சு.

பெயிண்டுக்கடை_அண்ணன் எழுதியது:

ஆசிட் வேண்டாம். மேல படலம் இல்லாத அலுமினியத்துல பட்டா கறை நிரந்தரமாயிடும். அந்தக் காப்பிக் கலர் பிரேக் தூள், அதுல இரும்பு இருக்கு. ஆசிட் இல்லாத இரும்புக் கறை நீக்கி வாங்குங்க. அடிச்ச கொஞ்ச நேரத்துல ஊதாவா ஒழுகும், முட்டை அழுகின வாடை வரும், பயப்படாதீங்க. அது இரும்போட சேர்ந்ததுக்கு அடையாளம். காய விடாமக் கழுவிடுங்க. ஓட்டிட்டு வந்த சூட்டோட செய்யாதீங்க, ரிம் ஆறட்டும். கையில ரப்பர் கையுறை இருக்கட்டும். ரிம்முல வெள்ளைப் புழு ஊர்ந்த மாதிரி கோடு இருந்தா அது படலத்துக்கு அடியில அரிச்சது. எவ்வளவு தேய்ச்சாலும் போகாது, உரிச்சுப் புதுசாப் பூசணும்.

ஈசூன்_மகள் எழுதியது:

அண்ணே, சனிக்கிழமை அடுக்குமாடிக் கார்பேட்டை நிழல்ல வச்சுச் செஞ்சேன். மூணு ரிம் சுத்தமாயிடுச்சு, நாலாவதுல நீங்க சொன்ன வெள்ளைப் புழு இருக்கு. கிளே ஓட்டி முடிக்கவே ரெண்டு மணி நேரம் ஆச்சு. டேப் ஒட்டின சதுரத்துல மென்மையான பாலிஷே போதுமா இருந்துச்சு, கம்பவுண்டு டப்பாவைத் திறக்கவே இல்ல. டேப்பை உரிச்சதும் அந்தச் சதுரத்துல மட்டும் மேல இருக்கிற குழல்விளக்கு முழுசாத் தெரிஞ்சுது, சுத்தி எல்லாம் மங்கல். அப்பா கீழ வந்து குனிஞ்சு ரொம்ப நேரம் பார்த்துட்டு இருந்தார். புது வாளியை அவரே எடுத்துக்கிட்டார்.

ஒரு சந்தேகம். கூரையில பின்கண்ணாடி ஓரமா 50 காசு அளவுக்கு மூணு இடத்துல வெள்ளையா இருக்கு, ஓரம் நகத்துல மாட்டுது. அங்கேயும் பாலிஷ் ஓட்டலாமா?

பெயிண்டுக்கடை_அண்ணன் எழுதியது:

நகத்துல மாட்டுதுன்னா கிளியர் கோட்டே உரிய ஆரம்பிச்சிடுச்சு. அங்க மெஷினைக் கொண்டுபோகாதீங்க, பேட் அந்த ஓரத்தைப் பிடிச்சு இழுத்து இன்னும் உரிக்கும். சுத்தி ஒரு சாண் விட்டு டேப் ஒட்டிட்டு மத்த இடத்தை முடிங்க. கூரையை மட்டும் பின்னாடி தனியா ஸ்ப்ரே பண்ணிக்கலாம். கடைக்குப் போனா பெயிண்ட் கனம் அளக்கிற மீட்டர் இருக்கான்னு முதல்ல கேளுங்க. வச்சிருக்கிறவங்க கூரையில நாலஞ்சு இடத்துல அளந்து காட்டுவாங்க, அதுக்கப்புறம் விலை பேசுங்க. படத்தை இங்க போட்டீங்கன்னா நானும் பார்க்கிறேன்.