டிஸ்ட்ரிக்ட் ஃபவுண்டேஷனுக்குப் பணம் கொடுக்கிறீர்களா?

சன்னிவேல்வாசி:
பே ஏரியா (சான் பிரான்சிஸ்கோ வட்டாரம்) பெற்றோர்களிடம் ஒரு கேள்வி. எங்கள் பகுதி அரசுப் பள்ளிகளை நடத்தும் ஸ்கூல் டிஸ்ட்ரிக்டின் எஜுகேஷன் ஃபவுண்டேஷனிலிருந்து இந்த வருடமும் கடிதம் வந்திருக்கிறது. பிள்ளைக்கு 500 டாலர் கேட்கிறார்கள். இது பி.டி.ஏ. (பெற்றோர்-ஆசிரியர் சங்கம்) இல்லை. பி.டி.ஏ. அந்தந்தப் பள்ளிக்கு மட்டும்; இது டிஸ்ட்ரிக்ட் முழுவதற்கும் பணம் திரட்டும் தனி லாப நோக்கற்ற அமைப்பு. மியூசிக் டீச்சர், லைப்ரரியன், மிடில் ஸ்கூல் கவுன்சிலர் ஆகியோரின் சம்பளத்தில் ஒரு பகுதி இந்தப் பணத்தில்தான் போகிறதாம். கொடுக்கலாம் என்பது என் எண்ணம். "வாடகையிலேயே சொத்துவரி அடங்கித்தானே இருக்கிறது, அப்புறம் இது எதற்கு?" என்கிறார் மனைவி. நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

மருதநிலம்:
நான் கொடுப்பதில்லை. பணம் இல்லாமல் இல்லை, வேண்டாம் என்று முடிவெடுத்துத்தான் நிறுத்தினேன். கலிபோர்னியாவில் அரசுப் பள்ளி இலவசம் என்பது மாநில அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது. பாடத்திட்டத்துக்கு வெளியே உள்ள இசை, விளையாட்டுக்குக்கூடக் கட்டணம் வாங்கக் கூடாது என்று 1984இல் ஹார்ட்செல் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதன் பிறகும் பள்ளிகள் கேட்டுக்கொண்டே இருந்ததால் 2012இல் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். நன்கொடை கேட்கலாம், ஆனால் அது உண்மையிலேயே விருப்பப்பட்டுக் கொடுப்பதாக இருக்க வேண்டும்.

எங்கள் பள்ளியில் நடப்பதைச் சொல்கிறேன். காலையில் பிள்ளைகளை இறக்கிவிடும் இடத்தில், வேலியில் ஒரு பெரிய அட்டை தொங்குகிறது. எந்த வகுப்பில் எத்தனை சதவீதக் குடும்பங்கள் கொடுத்திருக்கின்றன என்று வகுப்பு வாரியாக வண்ணம் அடித்திருக்கிறார்கள். முதலில் நூறு சதவீதம் தொடும் வகுப்புக்குப் பாப்சிகிள் பார்ட்டி. இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் காரில் உட்கார்ந்துகொண்டு, "நம்மாலதான் எங்க கிளாஸ் கீழே இருக்கா?" என்று கேட்கிறாள். இதை எப்படி விருப்ப நன்கொடை என்று சொல்வது?

கிழக்குவிரிகுடா:
அந்த அட்டை தவறு. அதில் மறுபேச்சே இல்லை. ஆனால் ஃபவுண்டேஷனே வேண்டாம் என்றால் ஏற்க மாட்டேன். சில வருடங்களாக ஒன்றில் வாலண்டியராக இருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இந்த அமைப்புகள் கலிபோர்னியாவில் ஏன் பெருகின என்று பாருங்கள். ஊரின் சொத்துவரியை மட்டும் நம்பிப் பள்ளி நடந்தால் பணக்கார ஊருக்கு ஒரு பள்ளி, ஏழை ஊருக்கு ஒரு பள்ளி என்று ஆகிவிடும், அது சமத்துவத்துக்கு எதிரானது என்று 1971இல் செரானோ வழக்கில் தீர்ப்பு வந்தது. நியாயமான தீர்ப்பு. 1978இல் மக்கள் ஓட்டெடுப்பில் ப்ராப் 13 என்ற சட்டம் வந்தது. சொத்துவரி மதிப்பில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வீடு கைமாறும் வரை அந்த மதிப்பும் வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. பள்ளிகளின் உள்ளூர் வருமானம் ஒரே அடியாகச் சரிந்தது, பணத்தின் பிடி மாநிலத்தின் கைக்குப் போனது. கோடை வகுப்புகள், இசை, லைப்ரரி எல்லாம் வெட்டுப்பட்டன. பெற்றோர்கள் கூடி ஃபவுண்டேஷன்களைத் தொடங்கியது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான்.

2013இல் நிதி முறை மீண்டும் மாறியது. எல்லா டிஸ்ட்ரிக்டுக்கும் ஓர் அடிப்படைத் தொகை. ஏழைக் குழந்தைகள், ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் குழந்தைகள், வளர்ப்புப் பராமரிப்பில் இருக்கும் குழந்தைகள் ஆகியோருக்குத் தலைக்கு 20 சதவீதம் கூடுதல். அவர்கள் 55 சதவீதத்தைத் தாண்டினால் அதற்கு மேலும் உண்டு. இதையும் மனதார ஆதரிக்கிறேன். ஆனால் எங்களைப் போன்ற டிஸ்ட்ரிக்டுக்குக் கிடைப்பது கிட்டத்தட்ட அடிப்படைத் தொகை மட்டும்தான். வீட்டு வாடகையால் இளம் குடும்பங்கள் வெளியேற, பிள்ளைகளின் எண்ணிக்கையும் குறைகிறது. வருகையை வைத்துத்தான் மாநிலம் பணம் தருகிறது. செலவில் பெரும்பங்கு சம்பளம். வெட்டு வந்தால் யாருடைய வேலை போகும்? கணக்கு டீச்சர் வேலை போகாது. லைப்ரரியன் வேலைதான் போகும்.

மருதநிலம்:
வரலாறு தெரியும் சார். என் கோபமே அதில்தான். வீடுகளை விட்டுவிட்டு, பெரிய வணிகச் சொத்துகளுக்கு மட்டும் சந்தை மதிப்பில் வரி போடலாம் என்று 2020 நவம்பரில் ப்ராப் 15 ஓட்டெடுப்புக்கு வந்தது. பள்ளிகளுக்கு வருடாவருடம் பல நூறு கோடி டாலர் வந்திருக்கும். 52க்கு 48 என்று தோற்றது. ஓட்டைகளை நாம் நன்கொடையால் அடைத்துக்கொண்டே இருந்தால், வரி முறையை மாற்றியே ஆக வேண்டும் என்ற அவசரம் யாருக்கு வரும்? வசதியுள்ள ஊர்க்காரர்களுக்கு நிச்சயம் வராது.

வாடகைவீடு:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எங்களைப் போன்ற எச்1பி குடும்பங்களையும் நினைத்துப் பாருங்கள். ப்ராப் 15க்கு எங்களுக்கு ஓட்டு இல்லை. பள்ளிக்காக மனைக்கு இவ்வளவு என்று போடும் பார்சல் டாக்ஸ் தேர்தலிலும் இல்லை, டிஸ்ட்ரிக்டை நிர்வகிக்கும் ஸ்கூல் போர்டு தேர்தலிலும் இல்லை. கிரீன் கார்டு வருவதற்குள் பிள்ளைகள் கல்லூரிக்கே போய்விடுவார்கள். இந்தப் பள்ளிக்காக நாங்கள் நேரடியாகச் செய்ய முடிவது இந்த ஒன்றுதான். நான் போடுகிற அளவுக்குக் கம்பெனியும் போடும் மேட்சிங்கில் ஒவ்வொரு டாலரும் இரண்டாகிறது. "கொடுக்காதே, அரசியலை மாற்று" என்றால் நான் எங்கே போய் மாற்றுவது?

மருதநிலம்:
இது எனக்குத் தோன்றாத கோணம், நன்றி. ஆனால் கொடுப்பது மட்டும்தான் வழி என்று நினைக்காதீர்கள் தம்பி. கலிபோர்னியாவின் பிரவுன் சட்டப்படி ஸ்கூல் போர்டு கூட்டம் பொதுக்கூட்டம். யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம், குடியுரிமை கேட்க மாட்டார்கள். டிஸ்ட்ரிக்ட் தன் செலவுத் திட்டத்தை நிறைவேற்றுவதற்கு முன் பெற்றோர்களைக் கேட்டாக வேண்டும் என்பதும் சட்டம். பட்ஜெட் இரவுகளில் போய்ப் பாருங்கள், நம் ஆட்கள் மிகக் குறைவு.

தாமிரபரணிக்கரை:
ஊரில் இது புதிதா? காமராஜர் ஆட்சியில் நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தபோது, 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. ஊர் மக்கள் கூடிப் பெஞ்சு, கரும்பலகை, இடம், கட்டடம் என்று அரசுப் பள்ளிகளுக்கு அள்ளிக் கொடுத்தார்கள். இன்றைக்கும் பல கிராமங்களில் மேளதாளத்தோடு கல்விச் சீர் கொண்டுபோகிறார்கள். 2022 டிசம்பரில் தமிழ்நாடு அரசே 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' என்று தொடங்கி, முன்னாள் மாணவர்களிடமும் நிறுவனங்களிடமும் நன்கொடை கேட்கிறது. பள்ளிக்குக் கொடுப்பது நம் பழக்கம். அதைப் போய்க் குற்றம் மாதிரிப் பேச வேண்டாம்.

மருதநிலம்:
அய்யா, அந்தக் கிராமங்கள் ஒன்றுமே இல்லாத பள்ளிக்குக் கொடுத்தன. அரசுத் திட்டத்தில் எந்த மாவட்டத்துப் பள்ளிக்கும் பணம் போகலாம். இங்கே பாலோ ஆல்டோ பணம் பாலோ ஆல்டோவில் நிற்கிறது. 101 நெடுஞ்சாலையைத் தாண்டினால் கிழக்கு பாலோ ஆல்டோ, ரேவன்ஸ்வுட் டிஸ்ட்ரிக்ட். அங்குள்ள பெற்றோர்களால் பிள்ளைக்கு 500 எங்கிருந்து கொடுக்க முடியும்?

கிழக்குவிரிகுடா:
அந்த ரேவன்ஸ்வுட் டிஸ்ட்ரிக்டுக்கும் ஓர் எஜுகேஷன் ஃபவுண்டேஷன் இருக்கிறது. அது அக்கம்பக்கத்து வசதியான ஊர்களிலிருந்து பணம் திரட்டித்தான் அந்தப் பிள்ளைகளுக்குச் செலவிடுகிறது. ஆகவே அமைப்பின் வடிவத்தில் குற்றம் இல்லை, பணம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதுதான் கேள்வி.

ஒரே டிஸ்ட்ரிக்டுக்குள் பார்த்தாலும் பி.டி.ஏ.வை விட ஃபவுண்டேஷனே மேல். தெற்குக் கலிபோர்னியாவின் சான்டா மோனிகா-மலிபு டிஸ்ட்ரிக்டில் ஆசிரியர், உதவியாளர் சம்பளத்துக்கான நன்கொடையை ஒரே ஃபவுண்டேஷனில் சேர்த்து எல்லாப் பள்ளிக்கும் பிரிப்பது என்று 2011இல் போர்டு முடிவெடுத்தது. அதுவரை மலிபு பி.டி.ஏ.க்கள் சான்டா மோனிகாவின் ஏழைப் பள்ளிகளைவிடப் பலமடங்கு திரட்டி, தங்கள் பள்ளிக்கே வைத்துக்கொண்டிருந்தன. ஆரிகனின் போர்ட்லண்டில் முதல் 10,000 டாலர் அந்தப் பள்ளிக்கு, அதற்கு மேல் வருவதில் மூன்றில் ஒரு பங்கு பொது நிதிக்கு என்று பல காலம் இருந்தது. 2024இல் அதையும் நிறுத்தி, தனிப் பள்ளிக்கென்று ஆசிரியர் சம்பளம் திரட்டக் கூடாது என்றார்கள்.

வாடகைவீடு:
பொதுவில் சேர்த்தால் மக்கள் கொடுப்பது குறையாதா?

கிழக்குவிரிகுடா:
சில குடும்பங்கள் கண்டிப்பாக விலகும். மலிபுவில் எதிர்ப்பு பலமாக இருந்தது, தனி டிஸ்ட்ரிக்ட் வேண்டும் என்ற கோரிக்கையும் இன்னும் சூடுபிடித்தது. குறைந்தாலும் எல்லாப் பள்ளிக்கும் போகிற பணம் எனக்குப் போதும்.

சன்னிவேல்வாசி, கொடுப்பதற்கு முன் அவர்களின் படிவம் 990ஐப் பாருங்கள். லாப நோக்கற்ற அமைப்பின் வரிப் படிவம் அது, யாரும் இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். திரட்டியது எவ்வளவு, டிஸ்ட்ரிக்டுக்குப் போனது எவ்வளவு, நிர்வாகச் செலவு எவ்வளவு என்று அதில் இருக்கும். இன்னொன்று, முடிவைத் தள்ளிப்போடாதீர்கள். அடுத்த கல்வியாண்டில் வேலை இருக்காது என்றால் ஆசிரியருக்கு மார்ச் 15க்குள் நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும் என்பது மாநிலச் சட்டம். மே மாதம் வரும் பணம், மார்ச்சில் நோட்டீஸ் வாங்கி வேறு ஊரில் வேலை தேடிக்கொண்ட டீச்சரைத் திருப்பிக் கொண்டுவராது.

சன்னிவேல்வாசி:
990 பார்த்தேன். திரட்டியதில் பெரும்பகுதி டிஸ்ட்ரிக்டுக்குத்தான் போயிருக்கிறது. 500 முடியாது, 300 கொடுக்கிறேன், ஆபீஸ் மேட்சிங்கும் போட்டுவிட்டேன். அடுத்த போர்டு கூட்டத்துக்கும் போகலாம் என்று மனைவி சொல்கிறார்.

மருதநிலம்:
உங்கள் விருப்பம், தப்பே இல்லை. என் பணம் இந்த வருடம் ரேவன்ஸ்வுட்டுக்கு. எங்கள் பள்ளி வேலியில் அந்த அட்டை தொங்கும் வரை இங்கே ஒரு டாலர்கூடக் கிடையாது. அதைப் பிரின்சிபாலுக்கும் போர்டுக்கும் எழுதி அனுப்பிவிட்டேன்.

கிழக்குவிரிகுடா:
அந்தக் கடிதத்தின் நகலை உங்கள் ஃபவுண்டேஷன் போர்டுக்கும் அனுப்புங்கள். வகுப்புப் போட்டி வைப்பது சில சமயம் பள்ளி அளவில் வாலண்டியர்கள் எடுக்கிற முடிவு, மேலே தெரிந்திருக்காது. எங்கள் டிஸ்ட்ரிக்டில் அப்படி எந்தப் பள்ளியிலாவது நடக்கிறதா என்று அடுத்த கூட்டத்தில் நானும் கேட்கிறேன்.