சிறு ஆர்டரில் அனுப்பும் சோலார் பேனல் உடைந்தே போய்ச் சேருகிறது, எப்படித் தடுப்பது?

கூரைவெயில் கேட்டது:

வணக்கம். வீடுகளுக்கும் சின்னத் தோட்டங்களுக்கும் சோலார் பேனல் விற்கிறேன். கம்பெனியில் கட்டிய கட்டு பிரிக்காமல் முழு பேலட்டாக (சரக்கை அடுக்கும் மரப்பலகை மேடையோடு), 30 பேனலுக்கு மேல் போகிற ஆர்டரில் இதுவரை ஒரு கீறல்கூட வந்ததில்லை. 2, 3, 4 என்று கேட்பவர்களுக்கு அனுப்பும்போதுதான் அடி விழுகிறது. கடைசி 12 சிறு ஆர்டரில் 4 உடைந்து போய்ச் சேர்ந்திருக்கின்றன.

ஒவ்வொரு பேனலுக்கும் பபிள் ஷீட் சுற்றி, படுக்கவைத்து அடுக்கி, நடுவில் தெர்மாகோல் வைத்து, மேலே கெட்டி அட்டை போட்டு, நாலு பக்கமும் ‘கண்ணாடி, கவனம்’ என்று ஒட்டித்தான் அனுப்புகிறேன். போன வாரம் ஒரு பெரியவர் போட்டோ அனுப்பினார். அட்டையில் ஒரு மூலையில் மட்டும் கைமுஷ்டி அளவு ஓட்டை, மற்றபடி பெட்டி புதுசுபோல இருக்கிறது. உள்ளே மேல் பேனல் முழுக்கக் கல் உப்பைப் பரப்பியதுபோல வெளுத்துக் கிடக்கிறது, ஒரு துண்டுகூடக் கீழே விழவில்லை, ஆனால் உடையாத இடம் ஒரு விரல் அகலம்கூட இல்லை. அவர் ‘நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்’ என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டதால் லாரி ஆபீஸில் கிளெய்ம் கிடையாது என்று முடித்துவிட்டார்கள். அவர் மேல் தப்பே இல்லை, நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பேக்கிங்கை எப்படி மாற்றுவது, கிளெய்ம் கிடைக்க என்ன செய்வது, இல்லை சிறு ஆர்டரையே நிறுத்திவிடலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பேலட்_ஆள் பதில்:

கிடங்கில் லோடு ஏற்றி இறக்குவதுதான் என் வேலை, அதனால் நேராகவே சொல்கிறேன். படுக்கப் போட்டதுதான் முதல் தப்பு. லாரிக்குள் தட்டையாக எது கிடந்தாலும் அதன் மேல் இன்னொரு சரக்கு ஏறும். நீங்கள் என்ன ஸ்டிக்கர் ஒட்டினாலும் ஏறும், ஏனென்றால் ராத்திரி 2 மணிக்கு ஏற்றுகிறவருக்குத் தெரிவது சமமான ஒரு மேடை மட்டும்தான். உங்கள் சின்னக் கட்டு ஒரே லாரியில் போவதும் இல்லை. வழியில் இரண்டு மூன்று கிடங்கு மாறும், ஒவ்வொரு இடத்திலும் இறக்கி ஏற்றுவார்கள். முழு லோடு அப்படி மாறுவதில்லை, அதனால்தான் அது பத்திரமாகப் போகிறது.

பேனல் கண்ணாடி பலவீனமானது அல்ல. ஐஇசி 61215 என்ற சர்வதேச பேனல் தரச் சோதனையில் 25 மில்லிமீட்டர் பனிக்கட்டி உருண்டையை நொடிக்கு 23 மீட்டர் வேகத்தில் அடிப்பார்கள், தாங்கும். ஆனால் அது முகத்தில் விழும் அடி. டெம்பர்டு கண்ணாடிக்கு (சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து உறுதியாக்கிய கண்ணாடி) உயிர்நிலை அதன் விளிம்பும் மூலையும்தான், அங்கே ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் ஃபோர்க், அதாவது சரக்கைத் தூக்கும் இரும்புக் கரத்தின் நுனி ஒரு தட்டுத் தட்டினால் மொத்தமும் பொடியாகும். அந்தப் பெரியவர் அனுப்பிய போட்டோ அதைத்தான் காட்டுகிறது.

நீளமான பக்கம் கீழே வரும்படி நிற்கவையுங்கள். இரண்டிரண்டாக, கண்ணாடி கண்ணாடியைப் பார்க்க, நடுவில் ஃபோம் ஷீட், நாலு மூலைக்கும் பிளாஸ்டிக் கார்னர். ஒற்றைப்படை வந்தால் ஜோடிக்கு ஒரு பிளைவுட். வெளிப்பக்கம் இரண்டிலும் பிளைவுட் கட்டாயம், அட்டை ஃபோர்க்கைத் தடுக்காது. 2 பேனல் மட்டும் நின்றால் சாயும், அதனால் அகலமான பேலட்டில் வைத்து இரண்டு பக்கமும் சரிவாகக் கட்டை முட்டுக் கொடுங்கள். பேலட் பேனலைவிட நாலு பக்கமும் நாலு விரலாவது வெளியே நீட்டியிருக்க வேண்டும், பேனல் ஒருபோதும் பேலட்டைத் தாண்டி நீட்டக்கூடாது. அப்புறம் உச்சியில் கூரை மாதிரி இரண்டு கட்டையைச் சாய்த்து அடித்துவிடுங்கள். மேலே வைக்க இடம் இல்லையென்றால் யாரும் வைக்க மாட்டார்கள். ஸ்ட்ராப்பை வெறி பிடித்த மாதிரி இறுக்காதீர்கள், ஃப்ரேம் வளைந்துவிடும்.

மாடிவேலை பதில்:

நான் பொருத்துகிற ஆள். உடைந்தது தெரிந்தால்கூடப் பரவாயில்லை, தெரியாமல் வருவதுதான் எனக்குப் பயம். உள்ளே இருக்கும் செல், அதாவது மின்சாரம் தரும் மெல்லிய தகடு, 0.2 மில்லிமீட்டர் தடிமன்கூட இருக்காது. படுக்கவைத்த பேனல் ஒவ்வொரு குழிக்கும் நடுவில் தொய்ந்து தொய்ந்து எழும்பும், கண்ணாடி அந்த வளைவைத் தாங்கிக்கொள்ளும், செல்லில் மயிரிழை விரிசல் விழும். கண்ணுக்குத் தெரியாது. பேனலுக்கு மின்சாரம் கொடுத்து அது விடும் அகச்சிவப்பு ஒளியைப் படம் எடுக்கும் இஎல் கேமராவில்தான் தெரியும். மாதக்கணக்கில் கழித்துச் செல் மேல் நத்தை ஊர்ந்த தடம்போலப் பழுப்புக் கோடு வரலாம், உற்பத்தியும் குறையலாம், அப்போது வாடிக்கையாளர் உங்களிடம்தான் வருவார். அதனால் ‘கண்ணாடி நன்றாக இருக்கிறதே’ என்று அதே கட்டில் வந்த மற்ற பேனலை நம்பிவிடாதீர்கள்.

இறங்கியவுடன் ஒவ்வொன்றின் வோல்டேஜையும் ஒரே வெயிலில் மல்டிமீட்டரால் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் பைபாஸ் டயோடோ (பேனலின் ஒரு பகுதி வேலை செய்யாதபோது மின்சாரத்தைச் சுற்றி அனுப்பும் சிறு பாகம்) உள் இணைப்போ போயிருக்கலாம். மயிரிழை விரிசலை இது காட்டாது, அதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. நொறுங்கிய பேனலும் வெயிலில் மின்சாரம் தரும், ‘ஓடுதே’ என்று சிலர் மாட்டிவிடுகிறார்கள். மழைத்தண்ணீர் உள்ளே இறங்கினால் ஃப்ரேமில் கசிவு வரும், தொட்டால் ஷாக். கையுறை போட்டு, கண்ணாடி மேல் கனமான துணி மூடி ஓரமாக வைக்கச் சொல்லுங்கள். தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள்.

ரசீதுக்காரன் பதில்:

கிளெய்ம் பற்றி. லாரி வருவதற்கு முந்தைய நாளே வாடிக்கையாளருக்குப் போன் செய்யுங்கள், மெசேஜ் மட்டும் போதாது. கையெழுத்துக்கு முன்னால் கட்டைச் சுற்றி வந்து, பின்னால் லாரி தெரியும்படி போட்டோ எடுக்க வேண்டும். ரசீதில் ‘பிரித்துப் பார்த்த பிறகு சொல்கிறேன்’ என்று எழுதினால் அது நிற்காது. ‘வலது கீழ்மூலையில் ஓட்டை, அசைத்தால் கண்ணாடிச் சத்தம்’ என்று கண்ணில் பட்டதை எழுதி, டிரைவரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். நல்ல நிலை என்ற வரியைப் பேனாவால் அடித்துவிடலாம்.

பிரித்த பிறகு தெரியும் சேதத்துக்குக் கெடு உண்டு. கடல் வழி என்றால் ஹேக்-விஸ்பி விதியில் 3 நாள், விமானத்துக்கு 1999 மாண்ட்ரியல் உடன்படிக்கையில் 14 நாள். உள்நாட்டு லாரிக்கு உங்கள் பில்லின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள், அங்கேதான் இருக்கும். எழுத்தில் தெரிவியுங்கள், அவர்கள் வந்து பார்க்கும்வரை அட்டையைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள். பல இடங்களில் லாரிக்காரர் பொறுப்பு கிலோ கணக்கில்தான், விலைக்கு அல்ல, அதனால் சரக்குக் காப்பீடு தனியாக எடுங்கள். ஆனால் காப்பீட்டுக்காரர் முதலில் கேட்பது ‘பேக்கிங் போதுமா’ என்றுதான். நீங்கள் படுக்கவைத்து அட்டை சுற்றியதற்கு அவர்களும் மறுத்திருப்பார்கள், வருத்தமாக இருந்தாலும் அதுதான் நிஜம். இனி ஒவ்வொரு கட்டையும் மூடும் முன், மூடிய பின் போட்டோ எடுத்து வையுங்கள்.

கூரைவெயில் பதில்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மேல் பேனல்தான் போச்சு, கீழே இருந்த 2 நன்றாக இருக்கின்றன என்று அந்தப் பெரியவரிடம் நானே சொல்லியிருந்தேன். மாடிவேலை எழுதியதைப் படித்ததும் போன் செய்து, மூன்றையும் மாட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், மூன்றையும் மாற்றித் தருகிறேன். இன்று சாயங்காலம் பிளைவுட் வெட்டி, சொன்னபடி நிற்கவைத்து, கூரைக்கட்டை அடித்து முடித்தேன், தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை. சிறு ஆர்டரை நிறுத்தப் போவதில்லை, பேக்கிங் செலவைத் தனி வரியாகவே பில்லில் காட்டப் போகிறேன்.

ஒரே சந்தேகம். அவர் வீட்டில் ஃபோர்க்லிஃப்ட் கிடையாது, லாரியிலிருந்து எப்படி இறக்குவது?

பேலட்_ஆள் பதில்:

டெயில் லிஃப்ட் (லாரியின் பின்னால் சரக்கை ஏற்றி இறக்கும் தட்டு) உள்ள வண்டி வேண்டும் என்று புக் செய்யும்போதே சொல்லுங்கள், வந்த பிறகு கேட்டால் இருக்காது. அது கிடைக்காவிட்டால் லாரி மேலேயே கட்டைப் பிரித்து, ஒவ்வொன்றாக, இரண்டு பேர் ஃப்ரேமைப் பிடித்து நின்றவாக்கிலேயே இறக்கட்டும். ஒயரையோ பின்னால் உள்ள பெட்டியையோ பிடித்துத் தூக்கக்கூடாது. முக்கியமாக, ஸ்ட்ராப்பை வெட்டுவதற்கு முன் ஒருவர் பேனல்களைக் கையால் அணைத்துப் பிடித்திருக்க வேண்டும். ஒரு முறை என் கண்ணெதிரே பட்டையை வெட்டிய நொடியில் 11 பேனல் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து முன்னால் போய் விழுந்தன, அத்தனை தூரம் பத்திரமாக வந்து வாசலில் போயிற்று. கட்டின் மேலேயே பெரிய எழுத்தில் ‘பிடித்துக்கொண்டு வெட்டவும்’ என்று எழுதி அனுப்புங்கள்.