மறு: மதச்சார்பின்மை: ஒரே சொல் போதுமா?

வணக்கம்.

> மதச்சார்பற்ற என்ற சொல் நன்றாக வேரூன்றிவிட்டது. அதை ஏன் இப்போது கிளற வேண்டும்?

ஐயா, வேரூன்றியதுதான் சிக்கலே. பெண்களின் உடை பற்றிய செய்தி ஒன்றை மொழிபெயர்க்க உட்காருங்கள், தெரியும். "மதச்சார்பற்ற அரசு பள்ளிகளில் முக்காட்டைத் தடை செய்தது" என்று முதல் பத்தியில் எழுதுவோம். மூன்றாம் பத்தியில் "தடை கூடாது என்று மதச்சார்பற்றோர் போராடினர்" என்று வரும். இதில் யாரும் பொய் சொல்லவில்லை. இரு தரப்பும் தங்களை அப்படித்தான் அழைத்துக்கொள்கின்றன. படிப்பவர்தான் திகைத்துப்போகிறார்.

பிரான்சில் 1905-ஆம் ஆண்டுச் சட்டம் அரசையும் திருச்சபையையும் பிரித்தது. எந்தச் சமயத்தையும் அரசு அங்கீகரிக்காது, சம்பளமும் தராது. அதாவது கட்டுப்பாடு அரசுக்கு. 2004-ஆம் ஆண்டுச் சட்டமோ, பளிச்சென்று தெரியும் சமய அடையாளங்களோடு அரசுப் பள்ளிக்கு வரக் கூடாது என்றது. இங்கே கட்டுப்படுவது மாணவி. இரண்டையும் அவர்கள் லாயிசிதே (மதச்சார்பின்மைக்கான பிரெஞ்சுச் சொல்) என்ற ஒரே பெயரில்தான் நியாயப்படுத்துகிறார்கள்.

இடது, வலது என்று பிரித்தாலும் தேறாது. 2004-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிரெஞ்சு நாடாளுமன்றக் கீழவையில் 494 பேர் ஆதரவு, 36 பேர்தான் எதிர்ப்பு. சோசலிஸ்டுகளில் பெரும்பாலோரும் ஆதரவுப் பக்கமே. பெண்ணியர்களும் இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். 1789-இல் பிரெஞ்சுப் புரட்சியின்போது அவையில் யார் எந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள் என்பதை வைத்து வந்த பெயர்களிடம் இதற்கு மேல் எதிர்பார்ப்பதும் தப்பு. தாராளவாதி என்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். தாராளமயம் வந்த பிறகு அதைக் கேட்டாலே பாதிப் பேருக்குச் சந்தைதான் நினைவுக்கு வருகிறது.

ஆகவே என் பரிந்துரை இரண்டு சொற்கள். அரசு தானே சமயத்திலிருந்து ஒதுங்கி நிற்பது சமயவிலகல். பொதுவெளியிலிருந்து சமயத்தை அரசு ஒதுக்குவது சமயவிலக்கம். விலகு, விலக்கு என்ற தன்வினை பிறவினை வேறுபாடே கருத்தின் வேறுபாட்டையும் சொல்லிவிடுகிறது. கட்டுப்பாடு யாருக்கு என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

> நடுநிலை என்று சொல்லிவிட்டுப் போகலாமே?

அம்மா, தடையை ஆதரிப்பவர்களும் "பள்ளி நடுநிலையாக இருக்க வேண்டும்" என்றுதான் வாதாடுகிறார்கள். சண்டையே அந்தச் சொல்லுக்காக நடக்கும்போது அதை ஒரு தரப்புக்கு எப்படிப் பட்டா போட்டுக் கொடுப்பது? சமயநீக்கம் என்றும் யோசித்துப் பார்த்தேன். பதவிநீக்கம் மாதிரி தண்டனை வாடை அடிக்கிறது. ஒரு கொள்கைக்கு நாம் வைக்கும் பெயரை அந்தக் கொள்கைக்காரரே கூசாமல் சொல்லிக்கொள்ள முடிய வேண்டும். ஊர்விலக்கம் நினைவுக்கு வருவதால் விலக்கத்துக்கும் இந்தக் குறை கொஞ்சம் உண்டு. ஆனாலும் நீக்கத்தைவிடத் தேவலை.

இன்னொன்று. சமயவிலக்கு என்று மட்டும் சுருக்கிவிடாதீர்கள். வரிவிலக்கு போல, சமயக் காரணத்துக்காகச் சட்டத்திலிருந்து கிடைக்கும் சலுகை என்ற பொருள் வந்துவிடும். நேர் எதிரானது. தட்டச்சில் ஒரு ககர ஒற்று விழுந்தால் பொருள் மாறாதா என்று கேட்பீர்கள். அதற்காகத்தான் ஒன்றை விலகல் என்றும் மற்றதை விலக்கம் என்றும் வேறு வேறு ஈற்றில் வைத்தேன்.

ஈரானை வைத்துச் சோதித்துப் பார்த்தேன். 1936-இல் மன்னர் ரேசா ஷாவின் அரசு பெண்களின் முக்காட்டைக் கட்டாயமாகக் கழற்ற வைத்தது: சமயவிலக்கம், அதுவும் முரட்டுத்தனமானது. 1979 இஸ்லாமியப் புரட்சிக்குப் பிறகு 1983-இல், முக்காடு அணியாவிட்டால் கசையடி என்று சட்டம் வந்தது. இதைச் சமயத்திணிப்பு என்று சொல்லிவிடலாம். ஆனால் இரண்டையும் எதிர்க்கும் பெண்ணை என்னவென்று சொல்வது? முதல் எதிர்ப்புக்கு அவளைப் பழமைவாதி என்பார்கள், இரண்டாவதுக்கு மேற்கின் கைப்பாவை என்பார்கள். அவள் இரண்டு முறையும் சொல்வது ஒன்றேதான். தெரிவுரிமையாளர் என்று எழுதிப் பார்த்தேன். கருக்கலைப்பு விவாதத்தில் அதற்கு நேரான ஆங்கிலச் சொல் (pro-choice) ஏற்கெனவே புழங்குவதால் குழப்பம் வரும். உடையுரிமையாளர் என்றால் ரொம்பக் குறுகிவிடுகிறது.

இரண்டு கட்டாயத்தையும் எதிர்க்கும் இந்த மூன்றாவது நிலைக்கு உங்களிடம் சொல் இருந்தால் இந்த இழையிலேயே போடுங்கள். சமயவிலகல், சமயவிலக்கம் இரண்டுக்கும் மறுப்பு இருந்தால், அந்தச் சொல் இடறும் வாக்கியத்தோடு எழுதுங்கள். சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு பிடிக்கிறது, பிடிக்கவில்லை என்று பேசினால் இழை எங்கேயும் போய்ச் சேராது.